தெரிந்துதான் வெட்டினேன்

மகன்,

நீ சுகமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுத் தொலைபேசியில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. நானும் சுகம்தான். உன் அப்பாவும் சுகம். குசினிக்குள் இருந்து நம் சண்டை முழுவதையும் கேட்டுவிட்டு, நான் போனை வைத்த பிறகு வெளியே வந்து, "ஆர், தம்பியா எடுத்தவன்?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி விசாரித்தார். மூதூருக்கே கேட்டிருக்கும், இவருக்குக் கேட்கவில்லையாம். நீ சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் மனதில் வைத்திருக்கிறேன். "ஒரு வசனம் அம்மா. ஒரேயொரு வசனம். 'தெரியாமச் செய்துபோட்டன் ஐயா' எண்டு கோட்டில சொல்லுங்கோ. எச்சரிச்சு விட்டிடுவினம். ஏன் எல்லாரையும் இப்பிடி அந்தரப்படுத்திறியள்?" இதற்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தால் நீ குறுக்கே விழுவாய், நீ விழுந்தால் நானும் விழுவேன். அதனால் எழுதுகிறேன். எழுத்துக்குக் குறுக்கே விழ உன்னால் ஏலாது. இதை நீ வேலை செய்கிற கந்தோரில் உள்ளவர்களுக்கும் நீ கட்டப் போகிற தர்ஷினியின் அப்பாவுக்கும் நீ வாசித்துக் காட்டலாம், எனக்கு வெட்கமில்லை. அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். பதிலை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் தேடிக்கொண்டிருக்காதே. அந்த வசனத்தை நான் நீதிமன்றத்தில் சொல்ல மாட்டேன்.

நம்முடைய கண்டலாறு பெரிய ஆறு இல்லை. மகாவலியைப் போல ஊர் உலகம் சுற்றி, அணை அணையாகக் கட்டுண்டு வருகிற ஆறும் இல்லை. மேற்கே காட்டுக்குள் எங்கோ பிறந்து, ஒரு அணைக்கட்டையும் ஒரு கதவையும் பார்க்காமல் தன்பாட்டில் வந்து, மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் இடையில் கடலில் விழுகிறது. வடகரையில் முஸ்லிம் மீனவர்கள் குடிசை போட்டிருக்கும் வாடிகள். தென்கரையில் நம் வயல்கள், வீடுகள். ஆறு கடலில் சேருமிடத்தில் கோடை முழுவதும் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். அந்த மணல் திட்டுக்கு உள்ளே நன்னீர், வெளியே உப்புநீர். நம் கிணறுகளும் அவர்களுடைய இறாலும் அந்தத் திட்டை நம்பித்தான் இருக்கின்றன. அன்புவழிபுரத்தில் வாடகை அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற உனக்கு இது மறந்திருக்கலாம். மறந்தாலும் பரவாயில்லை, நீ குடித்து வளர்ந்தது அந்தத் தண்ணீரைத்தான்.

உன் கலியாணப் பேச்சுக்காகத் தர்ஷினியின் வீட்டார் முதன்முதலாக வந்த நாளை நினைத்துப் பார். வெள்ளைவிரிப்புப் போட்ட மேசை, பயற்றம் பணியாரம், இரவல் வாங்கிய நாலு கதிரை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தர்ஷினியின் அம்மா ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுழிக்காமல், "நல்ல தேத்தண்ணி" என்று சொல்லிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. தர்ஷினியின் அப்பா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தேர்தலைப் பற்றிக் கதைத்தார். தர்ஷினி ஒருத்திதான் தலை நிமிராமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நீ குசினிக்குள் வந்து என்னைத் தின்னாத குறை. "சீனியெண்டு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டனீங்களா அம்மா? மானம் போகுது!" என்றாய். நான் உப்புப் போத்தலை எடுத்துக் காட்டினேன், தொட்டே இருக்கவில்லை. அதன் பிறகுதான் வாளியிலிருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தேன். கிணற்றுக்குள் கடல் வந்திருந்தது.

நீயும் அவர்களும் போன பிறகு நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றோரமாக நடந்தேன். பாலத்துக்குக் கீழே மணல் அள்ளும் பெக்கோ இயந்திரம் நின்றது. டிப்பர்கள் வரிசையாக நின்றன. ஆற்றின் அடியை ஆள் மூழ்குகிற அளவுக்குத் தோண்டியிருந்தார்கள். ஆறு ஆழமானால் கடல் உள்ளே வரும் என்பதைச் சொல்ல ஒரு படிப்பும் வேண்டாம், நம் கிணறே சொல்லிவிட்டது. ஒரு சாரதியைக் கேட்டேன், யாரைக் கேட்டு அள்ளுகிறீர்கள் என்று. அவன் மரியாதையான பிள்ளை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னான். "உங்கட ஆறெண்டு எங்கயம்மா எழுதிக் கிடக்கு?" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டிவிட்டு வந்து படுத்திருப்பேன். அவன் உண்மையாகவே கேட்டான். எங்கும் எழுதிக் கிடக்கவில்லைதான். "எழுதிப்போட்டு வாறன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீராப்பாகத்தான் சொன்னேன், எப்படி எழுதுவது என்று அப்போது எனக்குத் துளியும் தெரியாது.

அடுத்த நாளே தோணியேறி வடகரைக்குப் போய் சலீம் நானாவைக் கண்டேன். மீனவர் சங்கத்துக்குத் தலைவர் அவர், நம் கரையில் மாதர் சங்கத்துக்குத் தலைவி நான். இரண்டு பேருக்கும் தலைவர் பட்டம் கிடைத்தது வேறு எவரும் ஏற்றுக்கொள்ளாததால்தான். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே நான் சொன்னது முழுவதையும் கேட்டார். "தங்கச்சி, அதிகாரி ஒருத்தர் போன மாசம் சொன்னவரு. ஆத்தைப் பாதுகாத்த பிரதேசமெண்டு அரசாங்க வர்த்தமானியில போட்டுட்டா ஒருத்தனும் தொட ஏலாதாம். நாம கேட்டா என்ன?" என்றார். இப்படித்தான் தொடங்கியது. இரண்டு கரையும் ஒரே கடதாசியில் கையெழுத்து வைக்கும் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. போர்க்காலத்தில் நமக்கிடையே நடந்தவற்றை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதைப்பற்றி நாங்கள் கதைக்கவுமில்லை. ஆற்றைப்பற்றித்தான் கதைத்தோம். கந்தோர் கந்தோராக ஏறினோம். "ஆத்துக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போறா" என்று சந்தையில் என்னைக் கேலி செய்தார்கள். "ஓம், எடுத்திட்டு உங்கட ஆட்டுக்கும் ஒண்டு எடுத்துத் தாறன்" என்று நானும் சொன்னேன்.

அந்தக் கோரிக்கையை வடிவான தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தந்தவன் யார், மகன்? நீதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முற்றத்தில் இருந்து எழுதினாய். "இயற்கையாக ஓடும் கடைசி ஆறுகளில் ஒன்று" என்று ஒரு வரி போட்டு, அதை எனக்கு மறுபடியும் மறுபடியும் வாசித்துக் காட்டினாய். தற்காலிகத் தடை உத்தரவு வந்து, பாலத்திலிருந்து கடல் வரை தோண்டவோ வெட்டவோ கரையை மாற்றவோ கூடாது என்று பலகை நட்டபோது, நீ லீவு போட்டு வந்து அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தாய். அந்தப் படம் இன்னும் உன் போனில் இருக்கும், அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். டிப்பர்கள் போயின. நாங்கள் பொங்கினோம். வடகரையிலிருந்து தோணியில் வட்டிலப்பம் வந்தது. உன் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதை அன்று ஒரு நாள் எல்லோரும் மறந்து போனோம்.

பிழை எங்கே நடந்தது என்று நீ கேட்கிறாய். சொல்கிறேன். ஒவ்வொரு மாரியிலும் நாம் ஆற்றுவாய் வெட்டுகிறோம். மழை கொட்டி ஆறு பெருகும்போது அந்த மணல் திட்டை வெட்டிவிடாவிட்டால் வெள்ளம் பின்னால் தேங்கி நம் வயலும் அவர்களுடைய வாடியும் சேர்ந்து மூழ்கும். அவசரப்பட்டு முன்னமே வெட்டினால் வளர்ந்துகொண்டிருக்கும் இறால் கடலோடு போய்விடும். அதனால் எந்தக் கரையும் தனியாக வெட்டுவதில்லை. வடகரைப் புன்னை மரத்தின் அடியைத் தண்ணீர் தொட்டதும் இரண்டு கரை ஆட்களும் மண்வெட்டியோடு கூடி, கடல் பக்கமிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆற்றோரம் கடைசியாக ஒரு மணல் தடுப்பை விட்டுவைப்பார்கள். அதைக் கரைக்கு ஒருவராக இரண்டு பேர் சேர்ந்து, ஒரே நேரத்தில் வெட்டவேண்டும். பிறகு இறால் போயிற்று, பயிர் போயிற்று என்று எவரும் எவரையும் பார்த்துக் கை நீட்ட முடியாது. இவ்வளவு பெரிய விஷயத்தை நாங்கள் அந்தக் கோரிக்கையில் எழுதவில்லை. நான் சொல்லவில்லை, சலீம் நானா சொல்லவில்லை, கெட்டிக்காரன் நீயும் எழுதவில்லை. ஏனென்றால் அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா? தடை உத்தரவில் "வெட்டக்கூடாது" என்று வாசித்தபோதும் டிப்பர்க்காரனை நினைத்துத்தான் கை தட்டினோம்.

இந்த மாரி எப்படிப் பெய்தது என்று உனக்குத் தெரியும், உன் தெருவிலும் தண்ணீர் நின்றது. புன்னை அடியைத் தண்ணீர் தொட்ட நாளில் மண்வெட்டியோடு போனவர்களைப் பார்த்து அந்தப் பலகை அல்லவா முறைத்தது! பலகை நட்ட திணைக்களத்துக்கு அறிவித்தோம். ஒரு இளம் அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை, அவர்மேல் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. மழைக்குள் நின்று மேலிடத்துக்குப் போன் எடுத்து எடுத்து அவருடைய கைதான் விறைத்தது. "அனுமதி வரும் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். நாங்கள் பொறுத்தோம், தண்ணீர் பொறுக்கவில்லை. நாற்று நுனி மட்டும் தெரிந்தது. வடகரையில் வாடிக்குள் தண்ணீர் ஏறி, பெண்கள் அடுப்பைத் தூக்கி வாங்குப் பலகையின் மேல் வைத்துச் சமைத்தார்கள். அப்போதுதான் நம் கரையிலேயே கதை எழுந்தது. "ஆத்தைப் பூட்டின மனுசி" என்று என் காதுபடவே சொன்னார்கள். நேற்றுவரை என்னோடு பொங்கித் தின்றவர்கள்தான். எனக்கு அழுகை வந்தது, அழவும் அழுதேன். உன் அப்பா, "அழுது முடிச்சிட்டுச் சொல்லு, என்ன செய்யிறதெண்டு யோசிப்பம்" என்றார். அந்த மனிதரை நான் கட்டியது வீண்போகவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, அந்த டிப்பர்களின் சொந்தக்காரரான மணல் முதலாளி குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், வீட்டுக்கு வந்தவரை நிற்க வைக்கக்கூடாது. "அக்கா, பாவம் சனம். நீங்கள் ரெண்டு சங்கமும் அந்தக் கோரிக்கையை வாபஸ் வாங்கிறமெண்டு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. என்ட பெக்கோவைக் கொண்டந்து மத்தியானத்துக்குள்ள வாயைத் திறந்து விடுறன். மிச்சத்தை நான் மேலிடத்தோட கதைக்கிறன்" என்றார். மகன், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. சொன்னால் செய்திருப்பார். பயிர் தப்பியிருக்கும், சனம் என்னை மன்னித்திருக்கும், எனக்கு வழக்கும் இல்லை. மாரி முடிந்ததும் அதே பெக்கோ பாலத்தடிக்கு வந்திருக்கும், நம் கிணற்றில் கடல் நிரந்தரமாகக் குடியிருந்திருக்கும். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். "கிணத்துத் தண்ணி இப்ப உப்புக் கரிக்கேல்ல, பாருங்கோ" என்றேன். குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வாயை வெட்டுவது என்று இரண்டு கரையும் முடிவெடுத்தது அதன் பிறகுதான். நம் கரையில் கடைசித் தடுப்பை வெட்டுகிறவர் எப்போதும் கோயிலைப் பார்க்கும் வண்ணக்கர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, என்ட மகன் பொலிசில இருக்கிறான். வழக்கு வந்தா அவனுக்குக் கூடாது. என்னால ஏலாது" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைக்காகப் பயப்படுகிறவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? மற்ற ஆண்கள் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். வண்ணக்கரின் மண்வெட்டியை நானே வாங்கினேன். பெண் வெட்டலாமா என்று பின்னாலிருந்து ஒருவர் இழுத்தார். "அப்ப நீ வா" என்றேன். அவர் வரவில்லை.

அந்த அதிகாரித் தம்பி ஓடி வந்தார். "அம்மா, வெட்டினா நான் எழுத வேண்டி வரும்" என்றார், கெஞ்சுகிற குரலில். "எழுதுங்கோ தம்பி, அது உங்கட வேலை. ஆனா வடிவா எழுதுங்கோ. ஆர் வெட்டினது எண்டு மட்டுமில்ல, ஏன் வெட்டினது எண்டும் எழுதுங்கோ" என்றேன். வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து வெட்டினார்கள். கடைசித் தடுப்பில் நானும் சலீம் நானாவும் எதிரெதிராக நின்றோம். பயமாக இருந்தது, மகன். மறைக்க மாட்டேன். சலீம் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்மட ஆறு தங்கச்சி. பிஸ்மில்லா எண்டு நான் போடுறன், நீ உன்ட சாமியைக் கூப்பிட்டுப் போடு" என்றார். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, உன் பெயர்தான் வாயில் வந்தது. இரண்டு மண்வெட்டியும் ஒன்றாக விழுந்தன. முதலில் ஒரு கை அகலத்தில் தண்ணீர் ஊர்ந்தது. பிறகு என் காலடி மணல் கரைந்து சரிந்தது. சலீம் நானா தன் மண்வெட்டியின் பிடியை நீட்டி, "பிடி, பிடி!" என்று கத்த, நான் அதைப் பிடித்துக் கரையேறினேன். திரும்பிப் பார்த்தபோது ஆறு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் நாற்று தலை காட்டியது. யாரோ என் தலையில் துவாயைப் போட்டார்கள், முதல் நாள் என்னை ஆற்றைப் பூட்டினவள் என்று சொன்ன அதே மனுஷி. அவளோடு நான் இன்னும் கோபம்தான், துவாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தடுப்பை வெட்டியவர்கள் என்று எங்கள் இருவருக்கும் அழைப்பாணை வந்தது. வருகிற புதன்கிழமை தவணை. சட்டத்தரணி நீ சொன்னதைத்தான் சொன்னார். உத்தரவில் இதுவும் அடங்கும் என்று தெரியாது என்றால் எச்சரிக்கையோடு முடியலாம். தெரிந்தே செய்தோம் என்றால் என்ன வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அவரும் உன்னைப் போல என் நன்மைக்குத்தான் சொல்கிறார். உனக்கு அரசாங்க உத்தியோகம், அடுத்த மாதம் கலியாணம், சம்பந்தி வீட்டார் மரியாதையான ஆட்கள். மாப்பிள்ளையின் தாய் கோட்டில் நிற்கிறாள் என்றால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் ஏன் மாட்டேன் என்கிறேன் என்பதை இப்போது கேள்.

உன்னைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் எனக்கு ஒரு சொல்தான் துணை. தெரியாது. சோதனைச் சாவடியில் கேட்டால் தெரியாது. அவர்கள் வந்து கேட்டாலும் தெரியாது, இவர்கள் வந்து கேட்டாலும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே? தெரியாது. இந்தப் பாதையால் யார் போனது? தெரியாது. எல்லாம் தெரிந்திருந்தது, மகன். தெரிந்துகொண்டே தலையைக் குனிந்து தெரியாது என்று சொன்னேன். உன்னையும் பழக்கினேன். நீ கதைக்கத் தொடங்கிய வயதில், "ஆராவது கேட்டா என்ன சொல்லோணும்?" என்று கேட்பேன், நீ மழலையில் "தெய்யாது" என்பாய். உன் அப்பா அன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்காக நான் வருந்தவில்லை. அந்தச் சொல்தான் உன்னை உயிரோடு வைத்திருந்தது, மறுபடி அந்தக் காலம் வந்தால் மறுபடியும் சொல்வேன். ஆனால் இப்போது யாரும் துவக்கை நெஞ்சுக்கு நேரே நீட்டிக் கேட்கவில்லை. ஒரு நீதவான், ஒரு மண்டபம், ஒரு கேள்வி. ஆற்றுவாய் வெட்டுவது எப்படி, எப்போது, ஏன் என்று இந்த உலகத்தில் தெரிந்த கொஞ்சப் பேரில் நானும் ஒருத்தி. அங்கே போய் நின்றும் தெரியாது என்று சொன்னால், பிறகு எனக்கு எதுதான் தெரியும்? அந்தச் சொல்லை நான் வேண்டிய மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். இனி என்னிடம் அது இல்லை.

இன்னொன்றும் யோசி. தெரியாமல் செய்தேன் என்று நான் சொன்னால், அது குற்றம்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். இறுதி வர்த்தமானியும் அப்படியே வரும். அடுத்த மாரிக்கு வெட்டப் போகிறவர் என்ன சொல்வார்? அவரும் தெரியாது என்று சொல்லவேண்டுமா? வருடா வருடம் புதிதாக ஒருவரைத் தெரியாதவராக்கிக் கொண்டிருக்க முடியாது. தெரிந்துதான் வெட்டினோம், இந்த வெட்டு இல்லாமல் இந்த ஆற்றுக்குப் பாதுகாப்பு இல்லை, இதையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொன்னால் அது ஏட்டில் ஏறும். தண்டம் போட்டாலும் ஏறும். நான் ஆற்றைப் பூட்டக் கேட்கவில்லை, மகன். திருடனிடமிருந்து காப்பாற்றக் கேட்டேன். காவல் வேண்டும் என்று கேட்டவளை அவளுடைய வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றால், காவலைத் திருத்தத்தான் கேட்பேனே தவிர, காவலே வேண்டாம் என்று மணல் முதலாளியின் குடைக்குள் போய் நிற்க மாட்டேன்.

இதெல்லாம் சட்டம். சட்டத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது, என்னை உறங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான். சலீம் நானா தெரிந்துதான் வெட்டினேன் என்று சொல்லப் போகிறார். அவருடைய பிள்ளைகளும் உன்னைப் போல வேண்டாம் என்றுதான் கத்தினார்களாம். "எனக்குப் பொய் சொல்லி வராது தங்கச்சி. ஆனா உனக்கு மகன்ட கலியாணம் இருக்கு. நீ என்ன சொன்னாலும் நான் கோவிக்க மாட்டேன்" என்று தோணித்துறையில் வைத்துச் சொன்னார். அவர் அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. ஒரு கரை தெரியும் என்றும் மற்றக் கரை தெரியாது என்றும் ஒரே மண்டபத்தில் சொன்னால், பழி முழுவதும் வடகரையின் தலையில் விழும். அடுத்த மாரியில் அந்தத் தடுப்பில் எங்களோடு நிற்க அவர்கள் ஏன் வரவேண்டும்? எத்தனையோ நடந்தும், அத்தனை பேர் செத்தும், அந்த ஒரு மணல் தடுப்பில் மட்டும் இரண்டு மண்வெட்டியும் ஒன்றாக விழுந்து வந்திருக்கின்றன. என் வாயால் அதைப் பிரிக்கச் சொல்கிறாயா? உனக்காக நான் எதையும் செய்வேன் என்று எப்போதும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் இதை மட்டும் கேட்காதே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, எழுதித் தீர்ந்த அளவு போக இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆசையும் இருக்கிறது, அது எழுதித் தீராது. நீ பயந்தவன் இல்லை. உத்தியோகமும் பதவி உயர்வும் வந்த பிறகு இழப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைக்கத் தொடங்கிவிட்டாய். கலியாணம் முடித்தால் இன்னும் இருக்கும், பிள்ளை பிறந்தால் இன்னும். ஒவ்வொன்றுக்காகவும் ஒரு வசனம் விட்டுக் கொடுத்தால் கடைசியில் உன் வாயில் உன்னுடைய வசனம் ஒன்றும் மிஞ்சாது. இதைத்தான் கலியாணத்துக்கு முன் உனக்குச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். மற்றப் புத்திமதி எல்லாம் உன் அப்பா சொல்வார், நேரத்துக்குச் சாப்பிடு, மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டு என்று.

கலியாணத்துக்கென்று நீ எனக்கு எடுத்துத் தந்த மயில்கழுத்து நிறச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து மடிப்பு நீக்கி வைத்திருக்கிறேன். புதன்கிழமை அதைத்தான் உடுத்துக்கொண்டு போகப் போகிறேன். கோட்டுக்கு உடுத்த சேலையையா கலியாணத்துக்கும் உடுப்பது என்று நீ துள்ளுவாய். தோய்த்துக் காய வைத்து உடுப்பேன். நல்ல தண்ணீரில் தோய்ப்பேன், இப்போது நம் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. நீ நேற்று என்னோடு சண்டை பிடித்து வைத்த பிறகு இன்னொரு அழைப்பு வந்தது. உன்னைக் கட்டப் போகிறவள். "மாமி, புதன்கிழமை எத்தினை மணிக்குக் கோடு? நான் பள்ளிக்கூடத்தில லீவு கேட்டிட்டன். அப்பாவும் வாறாராம்" என்றாள். "ஏன் பிள்ளை உனக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அண்டைக்கு உங்கட தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சவள் நான் மாமி. அது என்ன உப்பெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

மூதூர்க் கோட்டில் பின்வரிசை வாங்கு நீளமானது, மகன். ஒரு பக்கம் சலீம் நானாவின் பிள்ளைகள் இருப்பார்கள், மறுபக்கம் உன் அப்பா, தர்ஷினி, அவளுடைய அப்பா. நடுவில் ஒருவர் இருக்குமளவுக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். நீ வருவாயோ மாட்டாயோ எனக்குத் தெரியாது.

அது ஒன்றுதான் எனக்குத் தெரியாது.

அம்மா